பயிற்சி பதினான்கு

சேலம் சிறை
12.2.2024

தங்கச்சி எழிலரசிக்கு அண்ணன் மாதேஷ் எழுதுவது. என் உடம்புக்குக் குறைவில்லை. இங்கே கொசு ஒன்றுதான் ஊரா, காலனியா என்று கேட்காமல் எல்லாரையும் கடிக்கிறது. உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? காலையில் சாப்பிடாமல் ஓடாதே.

குண்டாஸ் உறுதியாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு ஜாமீன் பேச்சே கிடையாது என்கிறார் வக்கீல். பள்ளிக்கூடக் கரஸ்பாண்டன்ட் ராஜாமணியின் கார்க் கண்ணாடியையும் இடது கையையும் உடைத்ததற்கு எனக்கு ஒரு வருஷம். அதே ராஜாமணி, பதினொரு வருஷம் அவன் கக்கூஸைக் கழுவிய நம் அம்மாவை மலத்தொட்டிக்குள் இறக்கிச் சாகடித்தான். அதற்கு அவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. 'தீர்த்தம்மாள் மயங்கி விழுந்து இறந்தார்' என்று ஸ்டேஷனில் எழுதி மூடிவிட்டார்கள். நம் மாமாவும் சந்தேகம் இல்லை என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

நீ ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டாய் என்று மாமா மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார். நாலு வருஷ வேலையை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்குத் தர்மபுரியில் ஒரு பிரஸ்ஸில் டைப் அடிக்கிறாயாமே. புத்தி கெட்டுவிட்டதா?

இங்கே பத்தாவது எழுதச் சொல்கிறார்கள். இங்கிலீஷில்தான் போன தடவையும் போனது. நவுன் என்றால் என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

வெளியே வந்ததும் ராஜாமணி சாரை நேரில் பார்த்து நலம் விசாரிக்க வேண்டும். போன தடவை முழுசாக விசாரிக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

மாதேஷ்


அதியமான்கோட்டை
27.2.2024

அண்ணாவுக்கு எழில் எழுதியது. நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வேளை சாப்பிடுகிறேன், மூன்று என்று பொய் சொல்ல மாட்டேன். உனக்குக் காலில் வந்த சிரங்கு ஆறியதா?

நவுன் என்பது பெயர். கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற பெயர். லாரி நவுன். தொப்பூர் நவுன். கையில் பிடிக்க முடியாததும் நவுன்தான்: பசி, பயம், அவமானம். பொதுவாக ஒரு கூட்டத்தையே கூப்பிடுகிற பெயர் காமன் நவுன். ஒருத்தரை மட்டும் கூப்பிடுகிற பெயர் ப்ராப்பர் நவுன். அது வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும்.

ஆயா என்பது காமன் நவுன். தீர்த்தம்மாள் என்பது ப்ராப்பர் நவுன். பதினொரு வருஷத்தில் ராஜாமணி ஒரு தடவைகூட அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று குள்ளம்மாக்கா சொன்னாள். அம்மாவோடு அங்கே கூட்டிப் பெருக்கியவளுக்குத் தெரியாதா? அவளுக்கே அங்கே பேர் இல்லை. ஒருத்தி பெரிய ஆயா, இன்னொருத்தி சின்ன ஆயா.

ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று கேட்டாய். ராஜாமணியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் எங்கள் பிரஸ்ஸில்தான் அச்சாகின்றன. நேற்று அவனே வந்தான். கையில் இன்னும் கட்டு. "கை என்னாச்சுங்க சார்?" என்று கேட்டேன். "ஒரு நாய் கடிச்சிருச்சும்மா" என்றான். உன்னைத்தான் சொன்னான். என்னை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது எனக்கு வசதி. ஆனாலும் எரிந்தது. அம்மாவின் மூக்கும் அம்மாவின் நெற்றியும் எனக்கு அப்படியே இருக்கின்றன. பதினொரு வருஷம் அந்த முகத்தை அவன் ஏறிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எழில்


சேலம் சிறை
11.3.2024

எழிலுக்கு. நான் சுகம். நீ சுகமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு டைப் அடித்துக்கொண்டு எப்படி உனக்குச் சோறு இறங்குகிறது?

டீ வாங்கிக் கொடுத்தாயா? சார் சார் என்றாயா? அம்மாவுக்குக் கொள்ளி போட்ட சூடு ஆறவில்லை, அதற்குள் அவன் புத்தகத்துக்கு அட்டை போடுகிறாய். நாளைக்கே அந்த வேலையை விடு. இல்லையென்றால் எனக்குக் கடிதம் எழுதாதே.

நவுன் புரிந்தது. பக்கத்துப் பிளாக்கில் இருக்கிற வாத்தியாரிடம் நீ எழுதியதைக் காட்டினேன். சீட்டுக் கம்பெனி நடத்தி உள்ளே வந்த மனுஷன். "உன் தங்கச்சிக்குக் கோபம் நல்லா வருது, கிராமரும் நல்லா வருது" என்றார்.

மாமாவிடம் ஒரு சாமான் கேட்டிருக்கிறேன். பழையது ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது.

மாதேஷ்


அதியமான்கோட்டை
4.4.2024

அண்ணாவுக்கு. எழுதாதே என்றாய், எழுதுகிறேன். வெயில் கொளுத்துகிறது. உள்ளே குடிக்கத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

மாமா அந்தச் சாமானைச் சொன்னார். வூட்டில் இருந்த இன்னொரு கடப்பாரையை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டேன். அரிவாளையும் போட்டுவிட்டேன். தேங்காய் உடைக்கக்கூட இப்போது கல்தான். அவனை நீ தொட்டால் உனக்கு ஆயுள். அம்மா போனாள், நீயும் போனால் நான் மட்டும் எதற்கு? இன்னொன்று, அவன் ஒரே அடியில் செத்துப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. அது அவனுக்குச் சுளுவு.

உன் பாடத்துக்கு வருகிறேன். நவுன் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார். தமிழில் 'பாம்பை ராமன் அடித்தான்' என்றாலும், 'ராமன் பாம்பை அடித்தான்' என்றாலும் செத்தது பாம்புதான். ஐ என்று ஒன்று அதன் வாலில் ஒட்டியிருக்கிறது. இங்கிலீஷில் ஒட்டு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்கிற நவுன் செய்தவன். பின்னால் நிற்கிற நவுன் வாங்கினவன். இடத்தை மாற்றிவிட்டால் கொலைகாரனே மாறிவிடுவான். அதனால் யாரை எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

இப்போது எஃப்.ஐ.ஆரை நினைத்துப் பார். 'தீர்த்தம்மாள் மயங்கி விழுந்து இறந்தார்.' அதில் ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. செய்தவன் நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவையே நிறுத்தியிருக்கிறார்கள்.

ராஜாமணியின் ஐந்தாம் வகுப்பு கிராமர் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. பழைய நோட்ஸ்களில் இருந்து வெட்டி ஒட்டி, மேலே தன் பேரைப் போட்டுக்கொள்வான். "என் பேரு புக்கு பேரவிடப் பெருசா வரணும்மா" என்றான். "எவ்ளோ பெருசுங்க சார்?" "தூரத்துல நின்னாத் தெரியணும்." பயிற்சிக்கு வாக்கியம் போதவில்லை, நீயே நாலைந்து சேர்த்துக்கொள் என்று என் முதலாளி பாரதி சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பொறு.

எழில்


சேலம் சிறை
22.4.2024

எழிலு, நலம்தானே? நான் நலம்.

நாலு தடவை படித்துவிட்டேன். என்ன சேர்க்கிறாய் என்று எழுது. நீ பண்ணுவது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கம்பியைத் தூக்கினால் உள்ளே போட்டுக் களி கொடுப்பார்கள். நீ பொம்பளைப் பிள்ளை, வெளியே தனியாக இருக்கிறாய். உன்னை என்ன செய்வார்களோ தெரியாது.

உடனே பதில் போடு.

மாதேஷ்


அதியமான்கோட்டை
10.6.2024

அண்ணாவுக்கு. ஏழு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. உயிரோடுதான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். அச்சாகி முடிகிற வரை காகிதத்தில் எழுதப் பயமாக இருந்தது. உன் கடிதத்தை நாலு பேர் பிரிக்கிறார்கள். இனி யார் படித்தாலும் கவலையில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போயாயிற்று.

பதினெட்டாம் பக்கம், பயிற்சி பதினான்கு. புத்தகத்தில் இங்கிலீஷில் இருப்பதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

'கீழ்க்கண்ட பத்தியில் உள்ள பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுக. தீர்த்தம்மாள் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை செய்தாள். ராஜாமணி அந்தப் பள்ளியின் தாளாளர். அவருடைய மருமகள் தன் மோதிரம் கழிவறையில் விழுந்துவிட்டது என்றாள். ராஜாமணி தீர்த்தம்மாளை மலத்தொட்டிக்குள் இறக்கினார். தொட்டியில் விஷவாயு இருந்தது. தீர்த்தம்மாள் இறந்தாள். மாலையில் மருமகளின் கைப்பையில் மோதிரம் இருந்தது. ராஜாமணி காவல் நிலையத்தில் பொய் சொன்னார்.'

எல்லாம் குள்ளம்மாக்கா சொன்னதுதான். அவளைக் கயிறு எடுக்க அனுப்பிவிட்டதால் நடுவில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. போலீசில் வந்து சொல்ல மாட்டேன் என்று காலில் விழுந்தாள். போகட்டும்.

எப்படி அச்சாச்சு என்று கேட்பாய். எங்கள் பிரஸ்ஸில் கடைசி ப்ரூப்பில் பார்ட்டி கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அவன் முன்னால் நானே பதினெட்டாம் பக்கத்தை எடுத்து வைத்தேன். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்" என்றேன். அட்டையைத்தான் பார்த்தான். தன் பேரைத் தடவினான். "உள்ள எல்லாம் எனக்கு மனப்பாடம்மா, நானே எழுதுனது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். பதினெட்டிலும் போட்டான். அந்த ப்ரூப்பை வூட்டுக்கு எடுத்துவந்து அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பாரதிக்கு அடி விழும். நல்ல மனுஷன். என்ன செய்வது?

நீ வெளியே வருவதற்குள் இதை முடிக்க வேண்டும். நீ செய்வதற்கு ஒன்றுமே மிச்சம் இருக்கக் கூடாது. நூற்றிருபது வூட்டில் அவன் பேரைப் படிப்பார்கள். நீ தொட வேண்டாம். அவனே நாறுவான்.

சாப்பிடு, தூங்கு, பரீட்சைக்குப் படி.

எழில்


சேலம் சிறை
24.6.2024

அம்மாடி எழிலு! நீ நல்லா இருப்பாய். நீண்ட நாள் கழித்து வயிறு நிறையச் சிரித்தேன். சீட்டுக் கம்பெனி வாத்தியார் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார், பிளாக்கே கை தட்டியது. தபாலைப் பிரிக்கிற ஐயா என்னிடம் கொடுக்கும்போது ஒரு மாதிரி பார்த்தார். 

மருமகள் கைப்பை என்று எழுதினாயே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன நடக்கிறது என்று உடனே எழுது. அவன் மூஞ்சி எப்படி இருந்தது என்று யாராவது சொன்னால் அதையும் எழுது.

மாதேஷ்


அதியமான்கோட்டை
19.8.2024

அண்ணாவுக்கு. உடம்பு சரியில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

ஒன்றும் நடக்கவில்லை.

பத்து வாரம் ஆகிறது. ஒரு ஆள் கேட்கவில்லை. முதலில் பயந்துகொண்டே பிரஸ்ஸுக்குப் போவேன், யாராவது வருவார்கள் என்று. பிறகு யாராவது வர மாட்டார்களா என்று போனேன். போன வாரம் அவனே வந்தான், ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு. "புக்கு சூப்பர்ம்மா, எல்லாரும் பாராட்டுறாங்க" என்றான்.

பொறுக்க முடியாமல் மேலத் தெரு லாரி டிரைவர் மகளை நிறுத்தி அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பயிற்சி பதினான்கு. எல்லா நவுனுக்கும் அடிக்கோடு. தீர்த்தம்மாளுக்குக் கீழே ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டிருக்கிறாள். விஷவாயுவுக்குக் கோடு. பொய்க்குக் கோடு. பக்கத்தில் பத்துக்குப் பத்து, சிவப்பு மையில் ஒரு ஸ்டார்.

"இது என்ன கதை பாப்பா?" என்றேன்.

"கதை இல்லக்கா, எக்ஸர்சைஸ்."

அவ்வளவுதான். சோறு தின்னாமல் ஃபீஸ் கட்டுகிறார்கள். பிள்ளை இங்கிலீஷ் படிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த இங்கிலீஷில் ஒரு கொலை நடந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் என்னமோ பெரிய வெடியை வைத்துவிட்டதாக நினைத்தேன். இந்த மாவட்டத்திலேயே யாரும் பிரிக்காத இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

எழில்


சேலம் சிறை
3.9.2024

எழிலுக்கு. சுகம். இங்கிலீஷில் நாற்பத்தொன்று வாங்கிப் பாசாகிவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன், நீ கொஞ்சம் சிரிப்பாய் என்று.

ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. குண்டாஸ் உடைந்துவிடும், தீபாவளி வூட்டில்தான் என்கிறார் வக்கீல்.

அழாதே. காகிதம் என்றால் அப்படித்தான். நம்ம ஆளுங்க கொடுத்த மனு எல்லாம் எத்தனை கலெக்டர் ஆபீசில் கிடக்கிறது? நீ உன் முறையைச் செய்தாய். இனி என் முறை. வந்த அன்றைக்கே ராஜாமணி சாரைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். கிணற்றில் போட்டதை எடுக்க வேண்டாம். கடையில் புதுசு கிடைக்கும்.

மாதேஷ்


தர்மபுரி
12.10.2024

அன்புள்ள எழிலரசிக்கு, தெரசா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. அந்தப் பயிற்சியை எழுதியது நீங்கள் என்று சொல்லி, உங்கள் முகவரியைக் கொடுத்தது குள்ளம்மாள். அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மூன்று பிரிவுக்கும் நான்தான் இங்கிலீஷ் டீச்சர்.

பயிற்சி பதினான்கை ஜூன் மாதமே படித்துவிட்டேன். புத்தகத்தை மூடிவைத்தேன். பிறகு வகுப்புக்குப் போய் அதை நடத்தினேன். ஒரு பையன் "மிஸ், இது நம்ம ஆயாவா?" என்றான். "ப்ராப்பர் நவுன், கோடு போடு" என்றேன். மூன்று பிரிவிலும் அப்படியே நடத்தினேன். ஸ்டார் போட்டது நான்தான்.

ஆயாவைத் தொட்டியில் இறக்கியபோது நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். மேலிருந்து கரஸ்பாண்டன்ட்டும் தொட்டியின் வாயும் தெரிந்தன, பேச்சு கேட்கவில்லை. இறங்கிப் போகவில்லை. என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி அவர் பீரோவில் வைத்துவிட்டார். அது இல்லாமல் வேறு எங்கும் வேலை கிடைக்காது. இதைக் காரணம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காலாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாள் நான் எடுத்தது. அந்தப் பத்தியையே கொடுத்து, 'இதைத் தமிழில் எழுதுக' என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன். எங்கள் பள்ளியில் திருத்திய தாளை வீட்டில் காட்டிப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அன்று மாலை நூற்றுப் பதினேழு தாள் வீட்டுக்குப் போனது. இங்கிலீஷ் தெரியாத அம்மாக்கள் எல்லாரும் தமிழில் படித்தார்கள், அதுவும் தங்கள் பிள்ளையின் கையெழுத்தில்.

மறுநாள் காலையில் பள்ளிக் கேட்டுக்கு வெளியே கூட்டம். ஒரு லாரி டிரைவர் கரஸ்பாண்டன்ட்டைப் பார்த்துத் தாளை ஆட்டிக்கொண்டு, "வாத்தியாரே, இதுல நீங்க பாஸா பெயிலா?" என்று கத்தினார். கரஸ்பாண்டன்ட் கேட்டைப் பூட்டச் சொன்னார். பூட்ட யாரும் போகவில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் ஆர்டிஓ விசாரிக்க வந்தார். நான் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். குள்ளம்மாளும் கொடுத்தாள். சர்டிபிகேட் போனால் போகட்டும்.

ஒரு தாளின் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். மாணவியின் பேரை மறைத்திருக்கிறேன். ஆர்டிஓ அவளைத் தனியாக விசாரித்தார், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் நீங்கள் மகள். உங்களிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. மொழிபெயர்த்து முடித்த பிறகு, பத்தியில் இல்லாத நாலு வரியை அவளே சேர்த்திருக்கிறாள்:

'ஆயா உள்ள இருந்து தண்ணி கேட்டாங்க. நான் என் பாட்டில குடுக்கப் போனேன். மோதிரம் எடுத்தாத்தான் தண்ணின்னு சார் சொன்னாரு. ஆயா மறுபடியும் கேட்டாங்க, அப்புறம் பெல் அடிச்சுட்டாங்க.'

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தெரசா


அதியமான்கோட்டை
16.10.2024

அண்ணாவுக்கு எழில். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீ தைரியமாக இரு, உடம்பைக் கவனித்துக்கொள்.

வக்கீல் போன் செய்தார். குண்டாஸ் ரத்து, அடிதடி வழக்கிலும் ஜாமீன், திங்கட்கிழமை வெளியே வருகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

வெடித்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் தெரசா பரீட்சையில் அதைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எழுதிய தாள் வூட்டுக்கு வூடு போய்விட்டது. கேட்டுக்கு வெளியே ஐந்நூறு பேர் நின்றார்கள் என்கிறான் பிரஸ்ஸில் பைண்டிங் செய்கிறவன். தெரசா எழுதிக் கொடுத்துவிட்டார். குள்ளம்மாக்காவும் கொடுத்துவிட்டாள். கொலைக் குற்றத்திலும் வன்கொடுமைச் சட்டத்திலும் அவன் மேல் புது வழக்கு. நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் நின்று பார்த்தேன். ஜீப்பில் ஏறும்போது எதிரில் நிற்பது யார் என்று பக்கத்துப் போலீஸ்காரரிடம் கேட்டான். அவர் சொன்னார். என் பேர் அவன் வாயில் வந்தது. தூரத்தில் இருந்தே உதடு தெரிந்தது.

பாரதி என்னை நிறுத்திவிட்டார். "எனக்கு ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றார்.  என் மேலும் ஒரு புகார் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்ட ப்ரூப்பை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் எப்படியும் ஜாமீனில் வருவான். நீ போகக் கூடாது. அவன் உயிரோடு இருக்க வேண்டும், நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். பேர் கூப்பிட்டால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்தபின் நீ கைவைத்தால், செத்தவன் அவனாகவும் செய்தவன் நீயாகவும் ஆகிவிடுவாய். அம்மாவை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நானும் மாமாவும் சிறை வாசலுக்கு வருகிறோம். நேராக வூட்டுக்குத்தான் போகிறோம்.

பிள்ளைகள் எழுதிய தாளை நான் பார்த்தேனா என்று கேட்பாய். பார்த்தேன். நான் எழுதியதைத்தான் அப்படியே தமிழில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அம்மா உள்ளே இறங்கியதும் மயங்கிவிட்டாளாம். கஷ்டப்படவில்லையாம்.

எழில்